என் பிழையை வாசிக்கிறவர்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் கல்யாண மண்டபங்களில் கீபோர்ட் வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கீபோர்ட் வாசிக்கத் தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரியும், ஆனால் வாசிக்க மாட்டார்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். வயிற்றெரிச்சலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் மேடையில் நின்று வாசிக்கிறதாகக் காட்டுகிற சங்கீதத்தில் பெரும்பங்கு மாத்தளை டவுனில் என் வீட்டுப் பின்னறையில் நான் வாசித்தது. அதனால் எனக்குப் பேச உரிமை உண்டு.

தொழிலில் இதற்கு ட்ராக் என்று பெயர். ஒரு பாட்டை எடுத்து, பாடுகிறவரின் குரலை மட்டும் விட்டுவிட்டு, தபேலா, வயலின், புல்லாங்குழல், கிட்டார் என்று மற்ற எல்லாவற்றையும் கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் வாசித்துச் சேர்த்துக் கொடுப்பது. என் கணவர் ஹார்ட்வெயார் கடைக்குப் போன பிறகு, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் செய்கிற வேலை அது. முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு போன் கடைக்காரருக்கு அனுப்புவேன். அவரிடமிருந்து பேண்ட்காரர்கள் வாங்குவார்கள். அவர்களிடமிருந்து மற்ற பேண்ட்காரர்கள் வாங்காமலே எடுத்துக்கொள்வார்கள். ட்ராக்கில் செய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. பென் ட்ரைவை மிக்ஸரில் செருகி, ஒரு பட்டனை அமுக்கினால் பாட்டு ஓடும். பாடகர் பாடுவார். மற்றவர்கள் வரிசையாக நின்று கையை அசைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் லைவ் மியூசிக்.

இவர்களை நான் விருந்தாளியாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கீபோர்டில் விளையாடினார். கீபோர்டின் பின்னால் இருந்து வருகிற வயர், எதிலும் செருகாமல் மேடை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவர் இரண்டு கையாலும் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒரு கையைத் தூக்கி, வாசலில் வந்த மாமாவுக்கு டாட்டா காட்டினார். சங்கீதம் இரண்டு கையோடும் நடந்துகொண்டிருந்தது. மாமாவும் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையைத் தூக்கினார். தெரிந்து வாசிக்கிற சிலபேரும் வெள்ளைக் கட்டையைத் தாண்டி வர மாட்டார்கள். பாடகருக்குச் சுருதி ஏற வேண்டுமென்றால் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு மறுபடியும் அதே வெள்ளைக் கட்டைகள்தான். கறுப்புக் கட்டைகள் அவர்களுக்கு அழகுக்கு வைத்தது.

மெஷினில் வாசிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. என் பிழைப்பே மெஷின். தாளத்தை மெஷின் போடட்டும், கம்பிக் கருவியின் சத்தத்தைப் பிளாஸ்டிக் கட்டை தரட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் பாடுகிறார் என்பது தெரியாமல் ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, நான்தான் வாசிக்கிறேன் என்று தலையை ஆட்டுவது இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்தப் பிழையைச் சொல்ல வேண்டும். பழைய சினிமாப் பாட்டு ஒன்று, இந்தப் பக்கம் மாப்பிள்ளை பெண் கேக் வெட்டும்போது எல்லாரும் கேட்கிற பாட்டு. அதில் நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும். அதை நான் கீபோர்டில் வாசித்துப் பதிந்துகொண்டிருந்தபோது குசினியில் பருப்பு குக்கர் விசில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்து, வழுக்கி, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. போன் கடைக்காரர் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். திருத்தியதையும் அனுப்பினேன். ஆனால் பிழையானதுதான் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதமே பல்லேபொலவில் ஒரு கல்யாணத்தில் கேட்டேன். கீபோர்ட்காரர் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, தோளைச் சரித்து, என் பிழையை அவ்வளவு உருக்கமாக வாசிக்கிறதாகக் காட்டினார். எனக்குச் சாப்பாடு புரைக்கேறிவிட்டது. பிறகு மாத்தளையில், கலேவெலவில், தம்புள்ளையில், எங்கே போனாலும் அதே குக்கர் விசில். என்னிடம் கீபோர்ட் படிக்க வருகிற ஒரு பிள்ளை, நான் சொல்லிக் கொடுக்காமலே, ஒரு நாள் அந்தப் பாட்டைப் பிழையோடு வாசித்துக் காட்டியது. எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தானே வாசிக்கிறார்கள், மிஸ் என்றது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவள் மேடைக்கு ஆசைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் ஆசைப்பட்டேன். சும்மா ஆசை இல்லை, நாக்கில் எச்சில் ஊறுகிற ஆசை. என் விரல்கள் வாசித்ததற்கு ஊரே கைதட்டியது, அந்தக் கைதட்டலை வேறு யார் யாரோ குனிந்து வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவையாவது என் கை அமுக்கும் அந்த நொடியிலேயே ஒரு மண்டபம் அதைக் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். கணவரிடம் சொன்னால், "ஒனக்கு இருக்கிற வாய்க்கு ஒன்ன எந்த பேண்ட்ல சேத்துக்குவாங்க?" என்பார். நியாயமான கேள்விதான்.

இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பெயரெடுத்த ஒரு பேண்டின் லீடர் திடீரென்று எனக்குப் போன் கோல் எடுத்தபோது ஆண்டவரே மனமிரங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய கீபோர்ட்காரர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் மேலே சொன்ன கறுப்புக் கண்ணாடி மனிதர் அவர்தான். அவர் போனதால் சங்கீதத்துக்கு ஒரு நட்டமும் இல்லை, மேடையில் ஓர் ஆள் குறைந்ததுதான். ஆனால் லீடருக்கு வேறு பிரச்சினை வந்திருந்தது. நாவுலவில் ஒரு மண்டபத்தில் பகல் விருந்து. பெண் வீட்டார் நம்முடைய வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். பெண்ணின் அண்ணன் இத்தாலியில் இருக்கிறார். அவர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், பென் ட்ரைவ் போட்டு ஏமாற்றுகிற வேலை தனக்குப் பிடிக்காது, எல்லாம் ஃபுல் லைவாக இருக்க வேண்டும் என்று.

"தங்கச்சி, நீங்க கோயில்ல வாசிப்பீங்கன்னு சொன்னாங்க. கையால வாசிப்பீங்க தானே?" என்று லீடர் கேட்டார். பேண்ட் லீடர் ஒருவர் கீபோர்ட்காரியிடம் கேட்கிற கேள்வி அது.

பல்லேபொலவில் அவருடைய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். கணவர் த்ரீவீலரில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே லீடரும், அவர் பேண்டின் பாடகரும், பேட் வாசிக்கிறவரும் இருந்தார்கள். பேட் என்பது குச்சியால் தட்டினால் தபேலா முதல் ட்ரம்ஸ் வரை எல்லாச் சத்தமும் வருகிற பலகை. அந்த மனிதர் மட்டும் உண்மையாகவே தட்டினார், அதையும் சொல்ல வேண்டும்.

வாசித்தேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடகர் நடுவில் ஒரு வரியை மறந்து இரண்டு தடவை பாடினார், நானும் இரண்டு தடவை வாசித்தேன். அவர் என்னமோ மாஜிக் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார். ட்ராக்கோடு பாடிப் பழகிய மனிதர் பாவம், வரியை மறந்தால் பாட்டு தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்றுதான் அவருக்குத் தெரியும்.

பிறகு கேக் வெட்டுகிற பாட்டு. புல்லாங்குழல் இடத்தைச் சரியாக வாசித்தேன்.

லீடர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அந்த எடம் பிழ, தங்கச்சி."

"எது?"

"அந்த வளைவு வரல்லயே," என்றார் பாடகர். "புல்லாங்குழல்ல ஒரு வளைவு இருக்கு. அது தான் அந்தப் பாட்டுக்கே உயிரு. அது வந்தா தான் எனக்கு அடுத்த அடி எடுக்க வரும்."

வளைவாம். என் குக்கர் விசிலுக்கு இவர்கள் பெயரும் வைத்துவிட்டார்கள்.

"அது வளைவு இல்லங்க," என்றேன். "அது பிழ. வெரல் வழுக்கினது. அந்த ட்ராக்க செஞ்சதே நான் தான். எங்க வீட்டு குசினில குக்கர் கத்திச்சு, திரும்பிப் பாத்தேன், வழுக்கிருச்சு."

லீடர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை பொய் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "இல்ல தங்கச்சி. அது சென்னையில செஞ்ச ட்ராக். பெரிய ஸ்டூடியோ. வாசிப்பு கேட்டாலே தெரியுமே."

எனக்கு அதைப் பாராட்டாக எடுப்பதா, செருப்படியாக எடுப்பதா என்று தெரியவில்லை. சினிமாவில் வந்த அசல் பாட்டைப் போட்டுப் பாருங்கள், அதில் அந்த வளைவு கிடையாது என்றேன். போனில் போட்டுப் பார்த்தார்கள். கிடையாதுதான். லீடர் அதற்கும் அசரவில்லை.

"சினிமால அப்பிடி இருக்கும். ஆனா நம்ம சனம் இதத் தானே கேட்டுப் பழகியிருக்கு. நீங்க மாத்தி வாசிச்சா, அந்தப் புள்ள தப்பா வாசிக்குதுன்னு தான் சொல்லுவாங்க. ஒங்களுக்குத் தான் கேவலம்."

அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவர்கூட அப்படித்தான் எதிர்பார்த்து த்ரீவீலர்காரரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார். நான் எழுந்து போகவில்லை. நாவுல மண்டபம் என் கண்ணுக்குள் நின்றது. மறுபடியும் வாசித்தேன், வழுக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வழுக்கினேன். "ஆ! அது தான்!" என்று பாடகர் தொடையைத் தட்டினார். லீடர், நல்லாக் கேட்டுப் பழகினால் என்னாலும் அந்தச் சென்னைக்காரர் மாதிரி வாசிக்க முடியும் என்று தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு என்னைப் பார்த்தே காறித் துப்பத் தோன்றியது. ஆனால் இடம் கிடைத்துவிட்டது.

தாளத்தை மட்டும் பென் ட்ரைவிலிருந்து போடுவது, மற்ற எல்லாவற்றையும் நானும் பேட்காரரும் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. தாளம் மட்டும் உள்ள ட்ராக்குகளை நானே உட்கார்ந்து செய்து அவருக்கு அனுப்பினேன். கிடைத்தது, போட்டாச்சு என்றார்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனேன். கணவர் கீபோர்டைத் தூக்கி வைத்துவிட்டு, பின்வரிசையில் காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்தார். என் வயரை லீடர்தான் மிக்ஸரில் செருகினார். மிக்ஸர் அவர் காலடியில் இருந்தது. மேலே கைக்குட்டை ஒன்றை விரித்து வைத்திருந்தார், தூசு விழாமல் இருக்கவாம். சோதித்துப் பார்க்க ஒரு கட்டையை அமுக்கினேன், மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் சத்தம் வந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வந்தார்கள். சனம் நிறைந்தது. இத்தாலி அண்ணன் கோட்டும் சூட்டுமாக, கையில் பெரிய போனோடு மேடைக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தார். மைக்கை வாங்கி, "இன்னைக்கு ரெக்கார்டிங் ஒண்டும் இல்ல, எல்லாமே லைவ், அங்க இத்தாலில எல்லாம் இப்பிடித் தான்," என்று சபைக்குச் சொன்னார். இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலை செய்கிறார் என்று கேள்வி. நல்ல வேலை, கஷ்டமான வேலை. அது ஏன் ஒரு மனிதரைச் சங்கீத விமர்சகர் ஆக்கியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதல் பாட்டு. என் கை கட்டையில் விழுந்ததும் மண்டபமே நிமிர்ந்த மாதிரி இருந்தது. வயலின் எழுந்தது, இறங்கியது. இரண்டாவது பாட்டில் இன்னும் நன்றாக வந்தது. என் சத்தம் இவ்வளவு பெரிதா, இவ்வளவு சுத்தமா என்று எனக்கே நம்ப முடியவில்லை. பயத்தில் ஓர் இடத்தில் விரல் தடுமாறியது, ஆனால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. தாளத்தில் அமுங்கிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு மூளை வேலை செய்யாது.

பிறகு கேக் வெட்டினார்கள். அந்தப் பாட்டு. பாடகர் உருகி உருகிப் பாடினார். புல்லாங்குழல் நெருங்க நெருங்க எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. இத்தனை நாள் கழித்து மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கேயும் வந்து குக்கர் விசிலையா வாசிக்க வேண்டும்? பாடகர் அடி தவறினால் தவறட்டும், சனம் என்னைத் தப்பு என்று சொன்னால் சொல்லட்டும். அந்த இடத்தைச் சரியாக வாசிப்பது என்று முடிவு செய்தேன். சரியாகவே வாசித்தேன். விரல் வழுக்கவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஸ்பீக்கரில் வழுக்கியது.

ஒரு நொடி என் விரலையே பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். புல்லாங்குழல் போய்க்கொண்டே இருந்தது. வயலின் வந்தது. என் வயலின், என் வீட்டுப் பின்னறை வயலின். நான் லீடரைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். கைக்குட்டையின் ஓரத்தில் பென் ட்ரைவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாளம் மட்டும் உள்ள ட்ராக் இல்லை, பழைய முழு ட்ராக். சோதித்துப் பார்த்த பிறகு என் லைனை அவர் மூடிவிட்டிருந்தார். முதல் பாட்டிலிருந்தே நான் எனக்கே கையசைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று பூரித்துப்போனேனே, அது பருப்பு வேகும்போது வாசித்தது.

"கை, கை," என்று லீடர் உதட்டசைத்தார். நான் அசைக்கவில்லை. சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சரிசெய்தேன், ஆறுதலாக, ஒவ்வொரு மடிப்பாக. அந்த நேரம் ஸ்பீக்கரில் இரண்டு கைக்கும் வேலை வைக்கிற இடம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலி அண்ணன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மண்டபம் நிறைய மனிதர்கள் இருந்தார்கள், காது இருந்தது, கண் இருந்தது. ஒருவர்கூட, அந்தப் பெண் ஏன் சேலையைச் சரிசெய்கிறாள் என்று கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, மூக்குத்தான் எரியும், கண்ணில் ஒன்றும் வராது.

நான் எழுந்து போகாததற்குக் காரணம், போகிறதற்குள் இத்தாலி அண்ணன் மேடையில் ஏறிவிட்டார். மைக்கை வாங்கி, தன் அம்மா, கல்யாணப் பெண்ணான தங்கச்சிக்காக ஒரு மாதா பாட்டுப் பாடுவார் என்று அறிவித்தார். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. லைவ் என்றால் எதையும் கேட்கலாம்தானே.

அந்த அம்மா மேடைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து பென்ஷன் வாங்கியவராம். கல்யாணச் சேலை உடம்பில் ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றது. மைக்கைக் கையில் பிடிக்கத் தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். பாட்டின் முதல் வரியை லீடரிடம் மெல்லச் சொன்னார். லீடர் குனிந்து கைக்குட்டைக்குள் தேடினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. அந்தப் பாட்டுக்கு ட்ராக் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரை நன்றாகப் பார்க்கவிட்டேன்.

"லைனத் தொறங்க," என்றேன்.

திறந்தார்.

தோட்டத்து மாதா கோயில்களில் வாத்தியம் கிடையாது. அங்கே பாடிப் பழகியவர்கள் ஒரு வரியை இழுப்பார்கள், மூச்சு முட்டினால் நிறுத்துவார்கள், மற்றவர்கள் பதில் பாடுகிற இடத்தைக் காலியாக விடுவார்கள். அந்த அம்மா நான் சுருதி கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. தன்பாட்டுக்குத் தொடங்கினார். எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு சுருதி, இரண்டு கட்டைக்கு நடுவில். நான் கீபோர்டின் ட்யூனைத் திருகி அவர் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். மெல்லிய நீளச் சத்தம் ஒன்றை மட்டும் எடுத்து, அவர் காலுக்குக் கீழே பாய் விரிக்கிற மாதிரி விரித்தேன். தாளம் வேண்டாம் என்று பேட்காரருக்குக் கண்ணால் சொன்னேன். இரண்டாவது அடியில் அவர் குரல் மெல்ல மேலே ஏறியது, துணையில்லாமல் பாடுகிறவர்களுக்கு ஏறும். நானும் ஏற்றினேன். கறுப்புக் கட்டைகள் எல்லாவற்றுக்கும் வேலை வந்தது. ஓரிடத்தில் மகளைப் பார்த்துவிட்டார். குரல் நின்றுவிட்டது. நானும் அந்த ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடங்கினார், நானும் தொடங்கினேன். காலியாக விட்ட இடங்களில் அவருடைய தோட்டத்துப் பெண்கள் பாடியிருக்கக்கூடிய பதிலை நான் வாசித்தேன். என் வாழ்க்கையில் அப்படி நான் வாசித்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பாதிச் சபை சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது. அது வேறு விஷயம். அந்த அம்மா இறங்கிப் போகும்போது என் பக்கம் குனிந்து, "மூச்சு வாங்கயில நீயும் நின்னியே, தாயி," என்றார். அவ்வளவுதான்.

விருந்து முடிகிற நேரத்தில் இத்தாலி அண்ணன் எங்களிடம் வந்தார். கையில் கோப்பை, முகத்தில் மனக்குறை.

"எல்லாம் நல்லா இருந்திச்சு. முக்கியமா அந்தக் கேக் வெட்டுற பாட்டு. அந்தப் புல்லாங்குழல் எடம் இருக்கே, அதெல்லாம் கேட்ட ஒடனே லைவ்னு தெரியும். மெஷின்ல அந்த உயிரு வராது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அம்மாட பாட்டுக்கு மட்டும் நீங்க ரெக்கார்டிங் போட்டீங்க தானே?"

லீடர் விழித்தார். நானும்தான்.

"இல்ல, நான் கவனிச்சேன். அம்மா நிறுத்துறப்ப அதும் நிக்குது, அம்மா ஏத்துறப்ப அதும் ஏறுது. மொதல்லயே அம்மாவ வெச்சு ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தா தான் அப்பிடிப் பொருந்தும். சர்ப்ரைஸ்னு எங்க தங்கச்சி சொல்லி வெச்சிருப்பா. பரவாயில்ல. ஆனா ஃபுல் லைவ்னு தானே பேசினோம்."

லீடரின் மூளை வேகமாக வேலை செய்வதை நான் பார்த்தேன். ரெக்கார்டிங் இல்லை என்று சொன்னால் அப்படியென்றால் எந்தப் பாட்டுக்கு இருந்தது என்ற பேச்சு வரும். "சொரி, சேர்," என்றார். "அது ஒண்டு மட்டும். அம்மா தடுமாறிட்டா கேவலமாப் போயிரும்னு தான்."

நான் சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. "அது ரெக்கார்டிங் இல்ல," என்றேன். "அத நான் தான் வாசிச்சேன். இந்தக் கையால, ஒங்க அம்மா பாட்ட கேட்டுக் கேட்டு வாசிச்சேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப மத்த பாட்டெல்லாம்? அதுலாம் வாசிச்சது யாரு?"

நான் பொய் சொல்ல வேண்டுமென்றால்கூட அந்த இடத்தில் ஒரு பொய் இல்லை, ட்ராக்கில் வாசித்ததும் இதே கைதானே.

"அதும் நான் தான்," என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்களேன்!" என்று அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாமே லைவ் தானே." லீடரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லீடர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. அடுத்த வாரம் தம்புள்ளையில் ஒரு கல்யாணம் இருக்கிறது, கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றார். கீபோர்டைக்கூட நான் தூக்கிக்கொண்டு வர வேண்டாமாம், அவரிடமே ஒன்று இருக்கிறதாம், சத்தம் வராது, ஆனால் பார்க்க நல்ல பெரிது.